கொடுத்தவரின் நிபந்தனையும் பெற்றவரின் அமானிதமும்



ஒருவர் மனமுவந்து தர்மம் செய்கிறார். தாம் சொன்ன காரியத்துக்கு அது செலவாகவில்லை என்று பிறகு வருந்துகிறார். விஷயம் நீதிமன்றம் போகிறது. பத்திரிகைகளில் கருத்துக் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை வாசிக்கும் நாம் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1961-ல் ராபர்ட்சன் தம்பதியர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார்கள். மாணவர்களை அரசுப் பணிக்கு, குறிப்பாக வெளிநாட்டு உறவுப் பணிக்கு, ஆயத்தப்படுத்தும் மேற்படிப்புக்கே அது என்று எழுதியும் வைத்தார்கள். இருவரும் மறைந்த பின், 2002-ல் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். படித்தவர்களில் அரசுப் பணிக்குப் போனவர்கள் குறைவு, பணம் வேறு காரியங்களுக்குப் போகிறது என்றார்கள். மாணவர்களை இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, நோக்கத்துக்கு உட்பட்டே செலவிட்டோம் என்றது பல்கலைக்கழகம்.

கொடுத்தவரின் எண்ணமே பெரிது என்று சிலர் எழுதினார்கள். கல்வி நிறுவனத்தின் சுதந்திரமே பெரிது என்று வேறு சிலர் எழுதினார்கள். 2008 டிசம்பரில், சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே சமரசம் ஆனது. குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டாலரும், புதிய அறக்கட்டளை ஒன்றுக்கு 5 கோடி டாலரும் தரப்பட வேண்டும் என்று முடிவானது. மீதிப் பெருந்தொகை பல்கலைக்கழகத்திடமே நின்றது. கவனியுங்கள்: வழக்குச் செலவுக்கான தொகையே ஆரம்பத்தில் கொடுத்த தர்மத்தைவிட அதிகம்! யார் சொன்னது சரி என்ற இறுதித் தீர்ப்போ வரவேயில்லை.

இதில் நமக்கு மூன்று படிப்பினைகள் உள்ளன.

முதலாவது, கொடுப்பவருக்கு. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃப் செய்தபோது, விற்கக் கூடாது, வாரிசுரிமையாகக் கூடாது, பலன் யார் யாருக்கு, பராமரிப்பவர் எவ்வளவு உண்ணலாம் என்பது வரை தெளிவாக்கினார்கள். நோக்கத்தைச் சொன்னால் மட்டும் போதாது. செலவின் எல்லையையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, நிர்வாகிக்கு. வக்ஃப் செய்தவரின் நிபந்தனையைப் பேண வேண்டும் என்று ஃபிக்ஹு சட்ட அறிஞர்கள் வலியுறுத்தியுள்ளார்கள். கேட்கும் முன்பே கணக்கைக் காட்டுங்கள். நிபந்தனைப்படி செய்ய முடியாத நிலை வந்தால், கொடுத்தவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ முதலிலேயே பேசுங்கள்.

மூன்றாவது, வாசிக்கும் நமக்கு. ஒரு தரப்பைக் கேட்டது போல மறு தரப்பையும் கேட்கும் வரை தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். நீதிபதிக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், காலையில் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவரை மோசடிக்காரர் என்று பேச நமக்கு என்ன உரிமை? கட்டுரை என்பது ஒருவரின் கருத்து, அது தீர்ப்பல்ல.

அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், நாவைக் காப்பவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.