வணிகக் கடித ஆங்கிலம்: ‘எஸ்’ சேரும் இடம்

தமிழில் விற்கிறேன், விற்கிறாய், விற்கிறார், விற்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வினைச்சொல்லின் முடிவு மாறுகிறது. ஆங்கில நிகழ்காலத்தில் அவ்வளவு சிரமம் இல்லை. ஐ செல், யூ செல், வீ செல், தே செல் என்று எல்லாருக்கும் ஒரே ‘செல்’தான். ஹீ, ஷீ, இட் மூன்றுக்கு மட்டும் ‘எஸ்’ சேர்ந்து ‘செல்ஸ்’ ஆகும். பழைய ஆங்கிலத்திலும் பல விகுதிகள் இருந்தன. தேய்ந்து தேய்ந்து மிஞ்சியது இது ஒன்றே.

ஆள், கம்பெனி, சரக்கு எதுவானாலும் ஒன்றாக இருந்தால் அந்த மூன்றில் அடக்கம். ‘தி மில் சப்ளைஸ் தால்.’ அரிசி, சர்க்கரை, எண்ணெய் எத்தனை டன் இருந்தாலும் ஆங்கிலத்துக்கு ஒருமைதான்: ‘ரைஸ் காஸ்ட்ஸ் மோர்.’ ஆனால் ‘கூட்ஸ்’ என்ற சொல், ஒரே பெட்டி வந்தாலும் பன்மை. ‘தி கூட்ஸ் அரைவ்ஸ்’ என்று நம்மில் பாதிப்பேர் எழுதுகிறோம். ‘அரைவ்’ என்பதே சரி.

பெரும்பாலான சொற்களுக்குத் தராசுக் கணக்கு ஒன்று உண்டு. ‘எஸ்’ பெயர்ச்சொல் தட்டில் இருந்தால் வினைத் தட்டில் இராது; வினையில் இருந்தால் பெயரில் இராது. ‘தி பேக் வெய்ஸ்’ என்றால் ஒரு மூட்டை; ‘தி பேக்ஸ் வெய்’ என்றால் பல மூட்டை. இரண்டிலும் விட்டுவிட்டால் படிப்பவர் தமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்த கடை ஒன்றில், வடக்கேயிருந்து வந்த பத்து மூட்டை துவரம் பருப்பிலும் மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தது. கணக்குப்பிள்ளை ‘தி பேக் வெய் 49 கிலோ’ என்று எழுதினார். மில்காரர் ஒரு மூட்டைதான் குறைவு என்று கொண்டு, ஒரு கிலோவுக்கு மட்டும் கிரெடிட் நோட் அனுப்பினார். ‘ஈச் பேக் வெய்ஸ் 49 கிலோஸ்’ என்றிருந்தால் பத்துக் கிலோவுக்கும் வழி பிறந்திருக்கும். மறு கடிதம், போன் என்று அலைந்த நாட்கள் தனி.

எழுத்துக்கூட்டல் சுருக்கமாக: எஸ், எக்ஸ், எஸ்எச், சிஎச் ஆகியவற்றில் முடியும் சொற்களுக்கும் கோ, டூ இரண்டுக்கும் ‘இஎஸ்’ சேரும். மெய்யெழுத்தை அடுத்து ‘ஒய்’ வந்தால் அது ‘ஐஇஎஸ்’ ஆகும். சப்ளை, கேரி அப்படி. பே, பை போன்றவற்றில் ‘ஒய்’க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் வெறும் ‘எஸ்’ போதும். ‘ஹேவ்’ மட்டும் ‘ஹேஸ்’ ஆகும். கேன், வில், மஸ்ட் எதையும் வாங்கிக்கொள்ளா.

‘ஹீ டோன்ட் பே’ என்று சொல்வது நம் கடைத்தெரு வழக்கம். ‘ஹீ டஸ் நாட் பே’ என்று எழுதுங்கள். ‘டூ’ என்பதே ‘டஸ்’ ஆகி அந்த ‘எஸ்’ஸைச் சுமந்துவிட்டது, ‘பே’க்கு மறுபடி வேண்டாம். கேள்வியிலும் அப்படியே: ‘டஸ் தி பார்ட்டி பே?’

கடைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி (ஒன்று மட்டும் சரியானது):
தி பார்ட்டி பே கேஷ்.
ஷுகர் கம் இன் பேக்ஸ்.
தி டின்ஸ் லீக்.
டஸ் யுவர் மில் சென்ட்ஸ் சாம்பிள்ஸ்?
அவர் ஃபர்ம் டோன்ட் கிவ் கிரெடிட்.