கை மாறும் இடம்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவை முழுதாகக் கேட்டேன். ஜி, சி, டி மூன்று கார்டும் பிடிக்கிறாய். தனித்தனியாகக் கேட்டால் மூன்றும் நன்றாகவே ஒலிக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் பாட்டு நின்றுவிடுகிறது. விரல்கள் இடம் தேடி உட்கார்ந்த பிறகு மறுபடி கிளம்புகிறது. கடைசியில், “விரல் எரியுது அத்தை, எஃப் வரவே மாட்டேங்குது, எனக்கு இதெல்லாம் வராது போல” என்றும் சொல்லியிருக்கிறாய். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். கோவையில் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இதே மூன்று முறையீடுகளோடுதான் வருகிறார்கள். பாதிப் பேர் மூன்றாம் மாதத்தில் கிட்டாரைப் பரண் மேல் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் இசை வராது என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் உன் கிட்டாரைச் சந்தேகப்படு, கண்ணு. விரலைப் பிறகு பார்க்கலாம். விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் கம்பிகள் கட்டையிலிருந்து தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும். கடையில் யாரும் அதைச் சரிசெய்து தருவதில்லை. உயரத்தை அளக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அப்பாவிடம் மூன்று நான்கு அட்டைகள் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கட்டையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்) தடித்த கம்பிக்கு அடியில் நுழைத்துப் பார். உன்னுடையதைப் போன்ற எஃகுக் கம்பி கிட்டாருக்கு மூன்று அட்டை சரியாகப் பொருந்தினால் நல்ல உயரம். நான்கு அட்டை தாராளமாகப் போய் வந்தால் கம்பி அதிக உயரத்தில் இருக்கிறது. நீ படும் வலியில் பெரும்பங்கு அங்கேயிருந்துதான் வருகிறது.

தலைப்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டையில் பள்ளம் பள்ளமாக வெட்டி அதில் கம்பிகள் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் நட். ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே குனிந்து பார். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் போகிற அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமென்றால் நட்டின் பள்ளங்கள் போதிய ஆழமில்லை. அப்படிப்பட்ட கிட்டாரில் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் எஃப் கார்டு எனக்கும் கஷ்டம்தான். அதற்காக அப்பாவின் அரத்தை எடுத்து நீயே ராவத் தொடங்கிவிடாதே. பள்ளம் ஒரு மயிரிழை கூடுதலாக ஆழமானாலும் கம்பி ஃப்ரெட்டில் தட்டி இரைய ஆரம்பிக்கும். உடுமலைக்கோ கோவைக்கோ வரும்போது பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். கையோடு தடிமன் எண் 10-இல் தொடங்கும் மெல்லிய கம்பி செட்டையும் மாட்டச் சொல். பன்னிரண்டு, பதின்மூன்றில் தொடங்கும் செட்டுகளை மாட்டும்படி உன் வயதுப் பிள்ளைகளை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 60, 70 கிலோ எடைக்குச் சமமாக அந்த மெல்லிய பலகையை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நீ இருக்கும் காந்தலூரில் ஐயாயிரம் அடி உயரத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். மறையூர் தாண்டிச் சின்னார் வழியாக உடுமலைக்கு இறங்கினால் காய்ந்த வெக்கை. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதனால் கிட்டாரை அடுப்படிச் சுவரில் சாய்த்து வைக்காதே, வெயிலில் நிற்கும் ஜீப்பிலும் விட்டுவிடாதே. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்துவிடு. பூண்டு உரித்த கையோடு தொடாதே, கழுவித் துடைத்துவிட்டு எடு.

உலகத்தின் மிக நல்ல கிட்டார்கள் பலவற்றின் முதுகும் பக்கங்களும் நம் மலைத்தொடரில் வளரும் ஈட்டி மரத்தால் ஆனவை என்பது உனக்குத் தெரியுமா? பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது, 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் அதே பாதையில் வந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த பெண் கிட்டாரைக் கையில் எடுப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது.

இப்போது விரலுக்கு வருவோம். நுனி எரிவது மூன்று நான்கு வாரம் இருக்கும். மண்வெட்டி பிடித்து அப்பாவின் உள்ளங்கை காய்த்ததைப் போல உன் இடது கை விரல் நுனிகளும் காய்க்கும். தோல் ஊறியிருக்கும்போது, அதாவது குளித்த கையோடு, பாத்திரம் கழுவிய கையோடு வாசித்தால் வலி இரட்டிப்பாகும். மார்கழி, தை மாதக் காலைகளில் விரல் விறைத்திருக்கும்போதும் உடனே தொடங்காதே. கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொள். நுனியில் எரிச்சல் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி என்றால் அந்த நிமிடமே நிறுத்து. அது காய்த்துச் சரியாகிற வலி அல்ல.

பெரும்பாலான பிள்ளைகள் தேவைக்கு இரண்டு பங்கு பலத்தில் அழுத்துகிறார்கள். ஒரு சோதனை செய்து பார். விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து மீட்டு, ‘டொக்’ என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டு. ஒரு இடத்தில் ஒலி தெளிந்துவிடும். அதற்குமேல் தரும் பலமெல்லாம் வீண். அந்தத் தெளிவு சீக்கிரம் கிடைக்க வேண்டுமானால் விரல் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் இருக்கக் கூடாது, முன்னால் இருக்கும் ஃப்ரெட்டை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். கம்பி இரைவதில் பாதி இதிலேயே போய்விடும்.

‘என் விரல் குட்டை’ என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். ஜாங்கோ ராய்ன்ஹார்ட் என்று ஐரோப்பாவில் ஒரு கிட்டார் மேதை இருந்தார். 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. பதினெட்டு வயது. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் தனி வாசிப்பு முழுவதையும் புதிதாக அமைத்துக்கொண்டார். இன்றைக்கும் ஜாஸ் கிட்டார் படிப்பவர்கள் அவருடைய பதிவுகளைக் கேட்டுப் பாடம் செய்கிறார்கள். உன்னிடம் நான்கு விரலும் நன்றாக இருக்கின்றன.

இனி முக்கியமான விஷயம். நீ தினமும் என்ன செய்கிறாய்? ஜி பிடிக்கிறாய், சரியாக ஒலிக்கிறதா என்று பார்க்கிறாய். பிறகு சி, பிறகு டி. அப்புறம் முழுப் பாட்டு. பாட்டு எங்கே உடைகிறதோ அங்கே ஒரு நொடி நின்றுவிட்டு மேலே போய்விடுகிறாய். ஆக, உனக்குத் தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறாய். தெரியாதது, கை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த அரை நொடி. அதற்கு நீ நேரமே தரவில்லை. கிட்டார் முழுக்க அந்த அரை நொடியில்தான் இருக்கிறது என்று நான் சொல்வேன்.

எளிதான மாற்றத்திலிருந்து தொடங்கு. சி கார்டைப் பிடித்துக்கொள். அங்கிருந்து ஏ மைனருக்குப் போக மூன்று விரலையும் தூக்கிப் புதிதாக வைக்கிறாய் அல்லவா? தேவையில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கார்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டை விட்டு மூன்றாவது கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போனால் போதும். அதே ஏ மைனரை அப்படியே உருக்குலையாமல் ஒரு கம்பி மேலே, தடித்த கம்பிப் பக்கம் நகர்த்தினால் ஈ மேஜர் வந்துவிடும். எந்த இரண்டு கார்டை எடுத்தாலும் முதலில், எந்த விரல் அசைய வேண்டாம், எந்த விரல் அதே கம்பியில் வழுக்கிப் போகலாம் என்று கண்ணால் பார். இதை மெதுவாக, வலது கையே இல்லாமல் இடது கையால் மட்டும் செய். விரல்கள் கம்பியிலிருந்து ஒரு நெல் உயரத்துக்கு மேல் எழக் கூடாது.

பிறகு தாளம். மொபைலில் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வை. ஒரு கார்டு நான்கு எண்ணிக்கை, அடுத்தது நான்கு. சேர்த்தால் எட்டு, ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம். பாட்டி தொடையில் தட்டிக்கொண்டு பாடுவாளே, அதே கணக்குத்தான். இதில் ஒரே ஒரு விதி: வலது கை எதற்காகவும் நிற்கக் கூடாது. இடது கை நேரத்துக்கு வந்து சேராவிட்டால் திறந்த கம்பிகளையே அடித்துக்கொண்டு போ. அசிங்கமாகக் கேட்கும். கேட்கட்டும். தாளம் நிற்காவிட்டால் இடது கை ஒரு வாரத்தில் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். இடது கைக்காக வலது கை காத்திருந்தால் அது வருவதே இல்லை. 60-இல் பிசகாமல் வந்த பிறகே 66 வை.

எஃப் விஷயம். ஆள்காட்டி விரலைக் குறுக்கே போட்டு ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும் என்று பயந்துபோயிருக்கிறாய். ஐந்து, நான்கு, மூன்றாவது கம்பிகளை மற்ற மூன்று விரல்களும் பிடித்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரல் உண்மையில் ஒலிக்க வைக்க வேண்டியது ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை மட்டும்தான். விரலின் சதைப்பக்கத்தை விட்டு, கட்டை விரல் பக்கமுள்ள எலும்புப் பக்கமாகக் கொஞ்சம் உருட்டி வை. அதோடு, இதை முதல் ஃப்ரெட்டில் கற்காதே. நட்டுக்குப் பக்கத்தில் கம்பி மிகவும் முறுக்காக எதிர்க்கும். அதே உருவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்துப் பார், உனக்கே ஆச்சரியமாக இருக்கும். அங்கே தெளிவாக வந்ததும் நான்கு, மூன்று என்று இறங்கி வா. அதுவரை பாட்டில் எஃப் வரும் இடத்தில் மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் வைத்து சிறிய எஃப் வாசி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ட்யூனிங்கை ஒவ்வொரு நாளும் பார். மொபைல் செயலி நெட்வொர்க் இல்லாமலே வேலை செய்யும். ஆனாலும் காதால் செய்வதையும் பழகிக்கொள்: ஆறாவது கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட் ஒலியும் ஐந்தாவது கம்பியின் திறந்த ஒலியும் ஒன்று. இப்படியே கீழே வா. மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட், மற்றதெல்லாம் ஐந்து.

‘இளைய நிலா’ எப்போது வாசிப்பேன் என்று கேட்டிருந்தாய். தமிழில் கிட்டார் எடுக்கும் எல்லோரும் கேட்பதுதான். 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக அதில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெறிக்கும் அந்த வாசிப்பை ஒரு வருடம் தள்ளிப்போடு. அதை அமைத்த இளையராஜா நம் மலையின் கிழக்கு அடிவாரத்துப் பண்ணைப்புரத்துக்காரர். கச்சேரி மேடைகளில் ஏற்கெனவே வாசித்துப் பழகியவர்தான் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்து மேற்கத்திய இசையை முறையாகப் படித்தார். டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்னால் மற்ற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிட்டார் வாசித்தார். அவ்வளவு இயல்பான ஞானம் உள்ளவரே அடிப்படைப் பாடத்தைத் தாண்டிக் குதிக்கவில்லை என்பதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நீயோ யூடியூபில் இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று தாவுகிறாய். ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் அவர் பின்னாலேயே போ. யார் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வைத்துக்கொள். பாதி நேரம் கார்டு மாற்றத்துக்கு, மீதி நேரம் பிடித்த பாட்டுக்கு. பாட்டே இல்லாமல் பயிற்சி செய்யச் சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டே கார்டில் ஒப்பேற்றக்கூடிய பாட்டு ஒன்றை எடுத்து, உன் தோழியைப் பாடச் சொல்லிக் கூடவே வாசி. இன்னொருவர் பாடும்போது நின்று நிதானித்து விரல் தேட முடியாது, தாளம் தானாக வரும். வாரம் ஒருமுறை பதிவுசெய்து கேள். கிட்டாரை உறைக்குள் மூடி வைக்காமல் கண்ணில் படும்படி வை.

கோடை விடுமுறைக்கு நான் அங்கே வரும்போது முழுப் பாட்டு எதுவும் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். மெட்ரோனோமை 60-இல் வைத்துவிட்டு ஜி-யிலிருந்து சி-க்குப் போய், டி-க்குப் போய், மறுபடி ஜி-க்குத் திரும்பி வா. வலது கை நிற்காமல். அதைத்தான் கேட்பேன். அதற்கு முன்னால் இந்த வாரமே அட்டைகளை வைத்துக் கம்பி உயரத்தை அளந்து எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அத்தை