மெய்த்தாளும் கள்ளத்தாளும்

சிறுவணிகன் ஒருவன் பெட்டியில் கள்ள நோட்டு புகுந்துவிடின், இழப்பு அவனுடையதே. வங்கி அதனைப் பறிமுதல் செய்து ஒப்புகைச் சீட்டு மட்டும் வழங்கும், ஈடு தராது. அறிந்தே பிறரிடம் தள்ளிவிடுவதோ தண்டனைக்குரிய குற்றம். ஆதலின், வாங்கும்பொழுதே ஆராய்தல் வேண்டும்.

2016ஆம் ஆண்டு முதல் வெளிவரும் புதிய 500 ரூபாய்த் தாளை ஒளிக்கெதிரே பிடித்தால், வெற்றிடத்தில் காந்தியடிகளின் உருவமும் 500 என்னும் எண்ணும் தோன்றும். இந்நீர்க்குறி மையால் அச்சிடப்பட்டதன்று. காகிதம் செய்யும்பொழுதே அதன் தடிப்பு வேறுபாட்டால் அமைவது. கள்ளர் பலர் இதனை மேலே அச்சிட்டு ஏய்க்க முயல்வர். தாளைச் சாய்த்தால், பாதுகாப்பு இழையின் பச்சை நிறம் நீலமாக மாறும். ஓரங்களில் பார்வையற்றோர் பொருட்டு அமைந்த ஐந்து கோடுகள் விரலுக்குப் புடைப்பாகப் புலப்படும். இருளில் இவை பார்வையுடையோர்க்கும் துணையே. தேய்ந்த தாளில் இப்புடைப்பு மழுங்கியிருக்கலாம். அப்பொழுது நீர்க்குறியையும் இழையையும் நோக்குதல் தகும்.