டீசல் வண்டியின் இரு வடிகட்டிகள்

முன்னுரை

குடிநீரைத் துணியிட்டு வடிகட்டுகிறோம். தேநீரையும் வடிகட்டியே அருந்துகிறோம். நம் ஊருக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுவரும் டீசல் வண்டியும் காற்றையும் எரிபொருளையும் வடிகட்டித்தான் உட்கொள்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் சென்ற ஆண்டு வரை எண்ணிப் பார்த்ததில்லை.

என் தந்தையார் பிக்கப் வண்டி ஓட்டுபவர். வத்தலக்குண்டிலிருந்து மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் செல்வார். திரும்பும்போது காரட், பீன்ஸ் மூட்டைகளுடன் இறங்குவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அந்த வண்டி ஓடினால்தான் என் படிப்பும் ஓடும். சென்ற ஆண்டு ஓர் இரவு அது மலையேற்றத்தில் நின்றுவிட்டது. அந்த இரவு கற்பித்ததையும், வகுப்பில் நான் கற்ற இயற்பியலையும் இணைத்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எந்திரம் இயங்கும் முறை

ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எந்திரத்தின் அடிப்படைத் தத்துவம் இன்றும் மாறவில்லை. பெட்ரோல் எந்திரத்தில் உள்ளதுபோல் இதில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினால் அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நாம் அறிவோம். அதே தத்துவம்தான் இங்கும். அந்தச் சூடான காற்றில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இந்த எந்திரத்துக்குத் தூய காற்றும் தூய டீசலும் இன்றியமையாதவை.

காற்று வடிகட்டி

ஒரு லிட்டர் டீசல் எரிய எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு லிட்டர் டீசலின் நிறை சுமார் 0.83 கிலோ. ஒரு கிலோ டீசல் முழுதும் எரியச் சுமார் 14.5 கிலோ காற்று தேவை. அப்படியானால் ஒரு லிட்டருக்கு 12 கிலோ. சமவெளியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ என்பதால் இது 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர் காற்று ஆகும்! டீசல் எந்திரம் எப்போதும் இதைவிட மிகுதியாகவே இழுக்கும். எங்கள் வண்டி கொடைக்கானல் போய்வர 12 லிட்டர் டீசல் குடிக்கிறது. ஒரு நடையில் குறைந்தது 1,20,000 லிட்டர் காற்று அந்த மடிப்புத் தாளின் வழியே செல்கிறது.

சாலைப் புழுதியில் பெரும்பகுதி மணல் துகள். மணலிலுள்ள குவார்ட்சின் கடினம் மோ அளவுகோலில் 7. இது உள்ளே புகுந்தால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். மறுபுறம், வடிகட்டியே அடைத்துக்கொண்டால் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும், கரும்புகை வரும், இழுவை குறையும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் தெரியாத அடைப்பு மலையேற்றத்தில் தெரிந்துவிடுவதன் காரணம் இதுவே.

டீசல் வடிகட்டி

இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் டீசல் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தப்படுகிறது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார் மட்டுமே என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க, இன்ஜெக்டரின் உட்பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளிதான் விடப்படுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். எனவே கண்ணுக்குத் தெரியாத தூசும் அங்கே பெரும் பாறையே.

தூசைவிடக் கொடிய பகை நீர். பாதி காலியான டாங்கியில் மீதி இடத்தை ஈரக்காற்று நிரப்புகிறது. மலையின் இரவுக் குளிரில் அந்த ஈரம் டாங்கியின் சுவரில் துளித்துளியாகப் படிந்து டீசலில் இறங்குகிறது. நீர் டீசலைவிட அடர்த்தி மிகுந்தது. எனவே அடியில் தங்குகிறது. வடிகட்டியின் அடிப்பாகம் இந்நீரைத் தேக்கி வைக்கும். அங்குள்ள திருகைத் தளர்த்தினால் நீர் வெளியேறும். நீர் மிகுந்தால் ஓட்டுநரின் முன்னே ஒரு விளக்கு எரிந்து எச்சரிக்கும்.

மாற்றும் முறை

மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேட்டில் உள்ளதே சரியான கணக்கு. புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கும் முன்பே மாற்ற வேண்டும்.

காற்று வடிகட்டியை மாற்றுவது எளிது. பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றிப் பழையதை உதறாமல் எடுக்க வேண்டும். பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் விளிம்பு எங்கும் சமமாகப் பொருந்துமாறு புதியதை வைக்க வேண்டும். பலர் பழைய தாளையே கம்ப்ரசர் காற்றால் ஓங்கி ஊதி மீண்டும் போடுகின்றனர். தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், வடிகட்டி இருந்தும் இல்லாத நிலைதான்.

டீசல் வடிகட்டிக்குக் கூடுதல் கவனம் தேவை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எந்திரம் ஆறிய பின்னரே தொட வேண்டும். பீடி, சிகரெட் அருகில் கூடாது. முதலில் வடிகட்டியின் சுற்றுப்புறத்தைத் துடைத்து, அடியில் பாத்திரம் வைத்துத் திருகைத் தளர்த்தி டீசலை வடிக்க வேண்டும். பிறகு குழாய்களையும் நீர் உணரியின் ஒயரையும் கழற்றிப் பழையதை எடுக்கலாம். புதியதன் ரப்பர் வளையத்தில் சுத்தமான டீசலைத் தடவிப் பொருத்த வேண்டும். காமன் ரெயில் வண்டியில் புதிய வடிகட்டிக்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றுவது தவறு. அது வடிகட்டப்படாமலே இன்ஜெக்டர் பக்கம் போய்விடக்கூடும்.

அடுத்தது ‘ஏர்’ எடுப்பது. குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் வண்டி ஏன் கிளம்புவதில்லை? பாயில் விதிதான் விடை. திரவத்தை அழுத்தினால் அது அழுத்தத்தை அப்படியே கடத்தும். காற்றோ தானே சுருங்கிக்கொள்ளும். வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை விரலுக்குக் கடினமாகும் வரை அழுத்தினால் காற்று வெளியேறிவிட்டது என்று பொருள். மின்பம்பு உள்ள வண்டியில் சாவியைச் சிலமுறை திருப்பி வைத்தால் போதும். எந்திரம் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். இறுதியாக வண்டியைக் கிளப்பிக் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டிக்கு நேர்ந்தது

நீர் விளக்கு மூன்று வாரமாக எரிந்துகொண்டிருந்தது. தந்தையார் திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட்டு ஓட்டினார். வடிகட்டியின் காலமோ எப்போதோ முடிந்திருந்தது. டம்டம் பாறைக்கு அருகே, சரக்கோடு, இரவு பதினொரு மணிக்கு வண்டி நின்றது. இரண்டு இன்ஜெக்டர்கள் பழுதாகிவிட்டன.

பட்டறையில் மெக்கானிக், “அண்ணே, போன மாசமே பில்டரை மாத்தியிருந்தா இந்தச் செலவே இல்லையே” என்றார். வடிகட்டிகள் இரண்டின் விலை ரூ.1,800. பழுது பார்த்த செலவு ரூ.38,000. ஒன்பது நாள் ஓட்டமும் போயிற்று. தந்தையார் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் அம்மாதான் சொன்னார்: “உன் பரீட்சைப் பீசு கட்டின மாசம்டா அது.”

அவரிடமே கேட்டேன். “பீசுக்குக் கடைசித் தேதி இருந்துச்சு தம்பி. பில்டருக்கு இல்லைன்னு நெனச்சேன்” என்றார்.

முடிவுரை

வண்டியில் விலை குறைந்த பொருள்களுள் ஒன்று வடிகட்டி. அது காப்பதோ விலை உயர்ந்த பொருளை. பணமுடை வந்தால் நாம் முதலில் தள்ளிப்போடுவதும் இத்தகைய சிறு செலவைத்தான். ஆனால் வடிகட்டிக்கும் கடைசித் தேதி உண்டு. அபராதம் கட்டி நீட்டித்துக்கொள்ள மட்டும் வழியில்லை.

அந்த மெக்கானிக் அண்ணனிடம் கற்றுக்கொண்டு, இப்போது வடிகட்டிகளை நானே மாற்றுகிறேன். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் என் இயற்பியல் செய்முறைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். முதன்முறை மாற்றியபோது டார்ச் பிடித்தவர் தந்தையார். கைப்பம்பு ஏன் கடினமாகிறது என்று அவருக்குப் பாயில் விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது எனக்கு முன்னமே தெரியும், பேருதான் தெரியாது” என்றார்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்