எண்ண முடியாத மீனுக்கும் கணக்கு உண்டு!



கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகி அணையில் தேங்கி, வாய்க்கால் வழியாக எங்கள் ஊர் ஏரிக்கு வருகிறது. கரும்பு வெட்டப் போகும் எங்கப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் ஒரே பொழுதுபோக்கு அந்த ஏரியில் தூண்டில் போடுவதுதான்.

'மழை தொடங்கியதும் இரண்டு மாதம் யாரும் தூண்டில் போடக் கூடாது' என்று ஊரில் பேச்சு வந்தது. அது மீன் சினைப்படும் காலம். குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கிற விராலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளும் பிழைக்காது. அதனால் நான் சரி என்றேன். "ஏண்டா, தண்ணிக்குள்ள எறங்கி மீன எண்ணிட்டு வந்தியா?" என்று அப்பா மடக்கிவிட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இந்தக் கேள்விக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. ரொனால்டு ஹோவர்டு என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதற்கு 'டெசிஷன் அனாலிசிஸ்' என்று பெயர் வைத்தார். முடிவுப் பகுப்பாய்வு என்று சொல்லலாம். என்ன செய்யலாம், என்ன நடக்கலாம், அதற்கு வாய்ப்பு எவ்வளவு, பலன் எவ்வளவு என்று நான்கையும் எழுதிக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் கிடைக்கும் மீனை எடுத்துக்கொள்வோம். (எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை.)

தடை இல்லாவிட்டால்: மீன் ஏராளமாக இருந்தால் 20 கிலோ, குறைவாக இருந்தால் 4 கிலோ.
தடை இருந்தால்: ஏராளம் என்றால் 16, குறைவு என்றால் 12.

வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் தடையில்லாத சராசரி 12, தடையோடு 14. மீன் ஏராளம் என்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நம்பினால்தான் தடை வேண்டாம் என்பது லாபம்.

சரி, மீனை எண்ணியே பார்த்தால்? ஏராளம் என்றால் தடையின்றி 20, குறைவு என்றால் தடையோடு 12, சராசரி 16. ஆக, எண்ணுவதன் மதிப்பு வெறும் 2 கிலோ! செலவு அதற்கு மேல் போனால் எண்ணாமலே முடிவெடுக்கலாம்.

முழுசாகத் தெரியட்டும் என்று காத்திருப்பதற்கும் விலை உண்டு. காவிரியில் தூண்டில்காரர்கள் தேடி வந்த திமில் மஷீர் 50 கிலோவுக்கு மேல் வளரும் மீன். அதன் அறிவியல் பெயர் இன்னதென்று 2018-இல்தான் உறுதியானது. அழியும் தறுவாயில் உள்ள மீன் என்று உலகப் பட்டியலில் சேர்ந்ததும் அதே 2018-இல்தான்.

அப்பாவிடம் கேட்டேன்: "மீன் நெறைய இருக்குன்னு மூணுல ரெண்டு பங்கு நம்பிக்கை இருக்காப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "பாதிக்குப் பாதிதான். ரெண்டு வருஷம் வச்சிப் பாப்போம். மீன் பெருகலைன்னா தடைய எடுத்துரணும்" என்றார்.

நண்பர்களே, முடிவை மாற்றிக்கொள்ள வழி வைப்பதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதி. அதை எனக்குச் சொல்லித் தந்தவர் பள்ளிக்கூடம் போகாத எங்கப்பா!

- இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை