மூக்கடைப்பு: சொட்டு மருந்துக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

மூக்கடைப்பு என்று மருந்துக்கடையில் போய் நின்றால், பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது சொட்டு மருந்துதான். சைலோமெட்டாசோலினோ ஆக்ஸிமெட்டாசோலினோ கலந்த அந்தச் சின்னக் குப்பி, மூக்கின் உட்சதையில் வீங்கிக் கிடக்கும் ரத்தக்குழாய்களைச் சில நிமிடங்களில் சுருக்கிவிடும். அடைத்த மூக்கு திறந்து நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கும்போது கிடைக்கும் நிம்மதி பெரிது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் அடங்கியதும் சதை முன்னைவிட மோசமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். சட்டைப் பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று என்று வருடக்கணக்கில் குப்பியோடு வாழ்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு முதலில் வந்த சளி எப்போதோ போய்விட்டது. இப்போது மருந்தேதான் நோய்.

இதிலிருந்து மீளலாம். மருத்துவர்கள் பலர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தொடங்கி வைத்துவிட்டு, முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் திறந்த பிறகு மறுபக்கம். முதல் சில இரவுகள் கடினமாகத்தான் இருக்கும். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் கொஞ்சம் தேவலை.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும். நல்ல ஆரோக்கியமான மூக்கிலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதை வீங்க, மறுபக்கம் சுருங்கும். பக்கம் மாறி மாறி வரும் லேசான அடைப்பு உடலின் இயல்பு. மாறாமல் ஒரே பக்கமோ இரண்டு பக்கமுமோ அடைத்துக்கொண்டே இருந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

என்னைப் போன்றவர்களுக்குக் காரணம் தூசு அலர்ஜி. மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளுக்கு நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று மிகவும் ஒத்துப்போகும். கரப்பான் பூச்சியும் ஒரு காரணம். அலர்ஜி உள்ளவர்களில் பலர் செட்ரிசின் மாத்திரையை நம்பியிருக்கிறார்கள். அது தும்மலையும் அரிப்பையும் அடக்கும். அடைப்புக்கு அவ்வளவாக உதவாது. அடைப்புக்கு உதவுவது ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள். ஆனால் அவை அடித்தவுடன் திறப்பதில்லை. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

அடிக்கும் முறையும் முக்கியம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், முனை காதுப் பக்கம் பார்க்கும்படி அடிக்க வேண்டும். நடுத்தண்டை நோக்கி அடித்தால் ரத்தக் கசிவு வரலாம். அடித்ததும் வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இதை வாங்கும்போதே யாராவது சொல்லித் தந்தால் எத்தனை பேருக்கு உபகாரமாக இருக்கும்!

தைலமும் ஆவியும் நம் வீட்டு வைத்தியம். தைலத்தில் உள்ள மென்தால் மூக்கின் குளிர்ச்சி நரம்பைத் தூண்டி, காற்று நன்றாகப் போவதுபோன்ற உணர்வைத் தரும்; உள்ளே பாதை அகலமாவதில்லை. அந்த உணர்வோடு தூக்கம் வந்தால் நல்லதுதான். சளி மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படும் ஃபீனைல்எஃப்ரின் விஷயம் வேறு. அதை வாய்வழி உட்கொள்வதால் மூக்கடைப்பு குறையவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது உண்மையிலேயே பலன் தரும் எளிய வழி. கால் லிட்டர் நீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான உப்பு போதும். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவே கூடாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். கொதித்து ஆறிய நீர் மட்டுமே.

மருந்துக்கு அசையாத அடைப்பும் உண்டு. நடுத்தண்டு வளைந்திருக்கலாம், பாலிப் என்னும் சதை வளர்ந்திருக்கலாம். வாசனை தெரியாமல் போவது பாலிப்புக்கு ஓர் அடையாளம். தண்டு கொஞ்சம்கூட வளையாதவர் அரிது, ஆகவே ஸ்கேனில் வளைவு தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூக்கின் உட்சதை அளவுக்கு மீறி வெட்டப்பட்டவர்களில் சிலர், பாதை திறந்திருந்தும் மூச்சே வராததுபோல் தவிக்கிறார்கள்.

நம் தென்மாவட்டங்களில் காணப்படும் ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாயிலும் குளத்திலும் குளிப்பவர்களிடம் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோய் காணப்படுகிறது, இலங்கையிலும் உண்டு. மூக்குக்குள் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும் சதை வளரும். அதை வெட்டி, வேர்ப்பகுதியைச் சுட்டு எடுக்க வேண்டும். அப்படியும் திரும்ப வரக்கூடியது என்பதால் தொடர்ந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே மணியோ விதையோ சிக்கியிருக்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒரே பக்க அடைப்போடு ரத்தம் வந்தாலும், கன்னம் மரத்தாலும், பார்வை மாறினாலும் சொட்டு மருந்தைத் தேடி அலையாதீர்கள். தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அதற்கான பிரிவு இருக்கிறது.