மின்கலங்களின் பயணம்

உலோகங்கள் அனைத்தினும் எடை குறைந்தது லித்தியம். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதியே. சோடியத்தை மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைத்திருப்பதை மாணவர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பர். லித்தியத்தை அவ்வாறு வைத்தல் எளிதன்று. அது மண்ணெண்ணெயிலும் மிதக்கும். சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஆர்ஃப்வெட்சன் 1817 ஆம் ஆண்டில் ஒரு கனிமத்தை ஆராய்ந்தபோது இதனைக் கண்டறிந்தார். அன்று ஆய்வுக்கூடத்தின் மூலையில் இருந்த அப்பொருள் இன்று நம் சட்டைப் பையில் வந்து அமர்ந்திருக்கிறது. கைபேசியும் மடிக்கணினியும் மின்சார வண்டியும் இயங்குவது லித்தியம் அயனி மின்கலத்தால் அன்றோ? 1991 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இம்மின்கலத்தை உருவாக்கிய பணிக்காகக் குடெனஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019 ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

மின்கலங்கள் செய்யப்படும் நாடு ஒன்று. அவை பயன்படும் நாடு பிறிதொன்று. ஆதலின், கோடிக்கணக்கான மின்கலங்கள் கப்பலிலும் விமானத்திலும் ஏறி நாடுவிட்டு நாடு செல்கின்றன. இப்பயணம் அரிசி மூட்டையின் பயணத்தையோ துணிப் பொதியின் பயணத்தையோ போன்றதன்று. உலக நாடுகள் லித்தியம் மின்கலத்தைப் பேரிடர் விளைக்கவல்ல சரக்கு என்று வகுத்து, ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துள்ளன. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், மின்கலத்தின் உள்ளே சற்று நோக்குதல் வேண்டும்.

மின்கலத்துள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் மிக நெருங்கி அமைந்துள்ளன. அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாவண்ணம் இடையே மெல்லிய பிரிதிரை ஒன்று நிற்கிறது. அத்திரை தலைமயிரினும் மெல்லியது. தகடுகளையும் திரையையும் நனைத்து நிற்கும் நீர்மமோ எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. மின்கலம் நசுங்கினாலும், ஆணி பாய்ந்தாலும், அளவிறந்து சூடேறினாலும் பிரிதிரை சிதையும், தகடுகள் தம்முள் தொடும், வெப்பம் பெருகும். அவ்வெப்பம் மேலும் பல வேதி மாற்றங்களைத் தூண்டும். அம்மாற்றங்கள் மேலும் வெப்பத்தைத் தரும். இவ்வாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வெப்பத்தை நிறுத்துதல் அரிது. ஒரு மின்கலத்தின் சூடு அடுத்ததைப் பற்றும். அது தன் அண்டையிலுள்ளதைப் பற்றும். காற்றைத் தடுத்துத் தீயை அவிக்கலாம் என்னும் பொது முறையும் இங்கு முழுப்பயன் தருவதில்லை. அந்நிலையில் நேர்முனைப் பொருள் பலவும் உயிர்வளியைத் தாமே வெளியிடும். வெப்ப மாற்றமும் உள்ளே தொடர்ந்து நிகழும். மின்சாரத் தீயில் நீர் ஊற்றலாகாது என்று கற்றிருக்கிறோம். ஆயினும், விமானத்தில் கைபேசி எரியுமாயின் நீரை ஊற்றிக் குளிர்விக்குமாறே பணியாளர்க்குப் பயிற்சி அளிக்கின்றனர். சூட்டைத் தணித்தலே இங்குத் தலையாய செயல்.

இத்தகைய பொருள் பயணம் புறப்படுமுன், அதன் வகை கடுஞ்சோதனைகளைக் கடந்திருத்தல் வேண்டும். வானின் உயரத்தில் உள்ளதுபோன்ற குறைந்த காற்றழுத்தத்தில் அதனை வைப்பர், 72 பாகை வெப்பத்திலும் உறைநிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் மாறிமாறி வைப்பர், அதிர்ப்பர், மோதுவிப்பர், முனைகளை வேண்டுமென்றே இணைத்தும் பார்ப்பர். ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்டுள்ள சோதனை நூலில் இவை வரையறுக்கப்பட்டுள்ளன. அச்சோதனைகளில் தேறாத வகையைச் சரக்காக ஏற்பதில்லை. வீங்கியும் சிதைந்தும் போன மின்கலத்திற்கு விமானத்தில் எவ்வாற்றானும் இடமில்லை.

இனி, பொதியும் முறையைக் காண்போம். முதற்கண் கருதத்தக்கது முனைகளின் காப்பு. ஒரு சாவியோ நாணயமோ இரு முனைகளையும் ஒருங்கே தொட்டால் போதும். மின்சாரம் அதன் வழியே பாய்ந்து சூட்டை எழுப்பும். ஆகவே, முனைகளை மின்காப்பு நாடாவால் மூடுதல் நன்று. ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனி உறையிலோ அறையிலோ முழுவதும் மூடி வைத்தல் வேண்டும். உலோகப் பொருள் எதுவும் அதனோடு உராய விடலாகாது. உள்ளே வெற்றிடம் இருப்பின் பெட்டி புரளும்போது மின்கலங்கள் இடம்பெயரும். அவ்விடத்தை மெத்தைப் பொருளால் நிரப்ப வேண்டும். வெளிப்பெட்டி உறுதியும் விறைப்பும் உடையதாதல் வேண்டும். சிறு மின்கலங்களின் பொதி 1.2 மீட்டர் உயரத்தினின்று எப்பக்கமாக வீழ்ந்தாலும் உள்ளிருப்பவை சேதமுறாமலும், ஒன்றையொன்று தொடாமலும், வெளியே சிதறாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. 1.2 மீட்டர் என்பது ஏறத்தாழச் சுமை தூக்குவோர் மார்பளவு உயரம். பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையிலிட்டுக் கட்டி அனுப்புவாரும் உளர். அவர்தம் துணிவை மெச்சுதல் இயலாது.

பெட்டியை மூடியபின் அதன்மேல் உள்ளிருப்பதை அறிவித்தல் வேண்டும். தனியே செல்லும் லித்தியம் அயனி மின்கலத்திற்கு 3480 என்றும், கருவியோடோ கருவிக்குள்ளோ செல்வதற்கு 3481 என்றும் ஐக்கிய நாடுகள் அவையின் எண்கள் உண்டு. கைக்கடிகாரத்தில் இடும் வில்லை போன்ற லித்தியம் உலோக மின்கலங்களுக்கு 3090, 3091 என்பன எண்கள். சாய்சதுர வடிவான சிட்டையில் மேற்பாதியில் ஏழு கருங்கோடுகளும், கீழே மின்கலங்களின் உருவமும், ஒன்பது என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். எம்மொழியினரும் அதனைக் கண்ட அளவில் உணர்வர். உள்ளிருக்கும் பொருளின் பெயரையும் அளவையும் எழுதி, அனுப்புவோர் கையொப்பமிடும் உறுதிமொழித் தாளும் அத்தகைய சரக்குடன் செல்லும். அதனைக் கொண்டே, எத்தகைய இடர்ச்சரக்கு எவ்விடத்தில் ஏற்றப்பட்டுள்ளது என்னும் குறிப்பு விமானத் தலைவருக்கு வழங்கப்படும். மூடிய பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் அறிதற்கு அக்குறிப்பன்றி வேறு வழி யாது?

2010 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள், யூ.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகர் நோக்கிப் புறப்பட்டது. அதில் இருந்தோர் விமானிகள் இருவரே. புறப்பட்ட 22 ஆம் நிமிடத்தில் தீ அறிவிப்பு மணி ஒலித்தது. அவர்கள் விமானத்தைத் துபாய்க்கே திருப்பினர். சிறிது நேரத்திற்குள் புகை விமானி அறையை மூடியது. எதிரேயுள்ள கருவிகளும் கண்ணுக்குப் புலப்படவில்லை. விமானத் தலைவரின் உயிர்வளிக் குழாயில் வளி வருவது நின்றது. இருக்கையை விட்டு எழுந்து சென்ற அவர் மீளவில்லை. துணை விமானி தனியே நின்று, அண்மையில் பறந்த பிற விமானங்கள் அஞ்சல் செய்த சொற்களையே கண்ணாகக் கொண்டு வந்தார். விமானம் துபாய் நிலையத்தைக் கடந்து சென்று தரையில் மோதியது. மணி ஒலித்ததற்கும் அம்மோதலுக்கும் இடையே கழிந்தது அரை மணிக்கும் குறைந்த காலமே. இருவரும் மாண்டனர். பெருந்தொகையான லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கடுக்கில் தீ தானே தோன்றியிருக்கக்கூடும் என்று 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வறிக்கை கூறிற்று. ஒன்பதாம் வகுப்பெனக் குறித்திருக்க வேண்டிய பொதித் தொகுதிகள் மூன்றேனும் அவ்விமானத்தில் இருந்தன. இடர்ச்சரக்கென அறிவிக்கப்பட்டு ஏற்றப்பட்டதோ ஒன்றும் இல்லை.

பின்னர் விதிகள் கடுமையாயின. 2016 ஏப்ரல் 1 முதல், தனியே செல்லும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுதல் தடுக்கப்பட்டது. சரக்கு விமானத்தில் ஏற்றும்போதும், மின்கலத்தில் உள்ள மின்னூட்டம் அதன் முழு அளவில் 30 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. மின்னூட்டம் குறைந்த மின்கலம் வெடித்தெழும் வேகமும் குறைவு.

கடலிலும் இதே இடர்தான். 2020 சனவரியில், சீனத்தின் நான்ஷா துறையிலிருந்து இந்தியாவின் நவ சேவா துறைக்கு வந்துகொண்டிருந்த காஸ்கோ பசிபிக் என்னும் கப்பலில் ஒரு கொள்கலம் தீப்பற்றியது. உள்ளே இருந்தவை லித்தியம் மின்கலங்கள். சரக்குத் தாளில் எழுதியிருந்ததோ உதிரிப் பாகங்கள் என்று. கப்பல் கொழும்புக்குத் திரும்ப நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், துறைமுகத்திற்குச் சென்றுகொண்டிருந்த ஒரு கொள்கலம் நெடுஞ்சாலையிலேயே எரிந்தது. பயன்படுத்திக் கழித்த மின்கலங்களைக் கணிப்பொறிப் பாகங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தனர். கட்டணம் மிகும், சில கப்பல்கள் ஏற்க மறுக்கும் என்னும் அச்சத்தாலும், அறியாமையாலும் இவ்வாறு எழுதுவோர் உளர். அத்தீ சாலையில் எழுந்ததனால் தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. நடுக்கடலில் எவ்வண்டி வரும்?

பயணிகளாகிய நாமும் ஒருவகையில் சரக்கு அனுப்புவோரே. பவர் பேங்க் என்னும் மின்சேமிப்பியை அடிவயிற்றுச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தலாகாது. கையிலேயே கொண்டு செல்லுதல் வேண்டும். அதன் ஆற்றலை வாட்-மணி என்னும் அளவால் கணிப்பர், 3.7 வோல்ட்டு அழுத்தத்தில் 20 ஆம்பியர்-மணி கொள்வதாயின் ஆற்றல் 74 வாட்-மணி. 100 வாட்-மணிக்கு மேற்படின் விமான நிறுவனத்தின் இசைவு வேண்டும். 160-க்கு மேற்படின் கொண்டு செல்லவே இயலாது. கையில் வைத்திருப்பது எரிந்தால் உடனே காணலாம். நீரும் அருகில் இருக்கும். 2025 சனவரி 28 ஆம் நாள் தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில், புறப்படக் காத்திருந்த விமானத்தின் தலைமேல் பேழையிலிருந்து தீ எழுந்தது; விமானம் எரிந்தது; இருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர். அங்கிருந்த மின்சேமிப்பியே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். அவ்வாண்டு மார்ச்சு முதல் தென்கொரிய விமானங்களில் மின்சேமிப்பியைத் தலைமேல் பேழையிலும் வைக்கலாகாது என்று விதித்தனர். பயணி அதனைத் தம் மேனியிலோ எதிர் இருக்கைப் பையிலோ கண்ணெதிரே வைத்திருத்தல் வேண்டும்.